புதுப்பிப்பு: பிரேக் பேடில் ‘இ1’ இருந்தால் ஜெர்மனியில் செய்ததா?

பிரேக் பேடை, செய்த நாட்டைப் பார்த்து வாங்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும் முதுகுத் தகட்டில் வட்டத்துக்குள் உள்ள ‘இ1’ (E1), வாகனப் பாகங்களுக்கான ஐ.நா. விதிகளின்படி ஒப்புதல் தந்த நாட்டைத்தான் குறிக்கும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். சீனாவிலோ சென்னையிலோ செய்த பேடிலும் அது இருக்கலாம்.

அதனருகே ‘90ஆர்’ (90R) எனத் தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுப் பிரேக் பேடுகளுக்கான ஐ.நா. விதி 90-இன் ஒப்புதல் எண் அது. அசல் பேடின் பிரேக் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து பெயர சதுர செ.மீ.க்கு 250 நியூட்டனாவது தேவைப்பட வேண்டும் என்பது அந்த ஒப்புதலின் நிபந்தனை. மலிவான பேடில் இந்த ஒட்டு தோற்கலாம். தகட்டைச் சுத்தம் செய்யாமல் பசை பூசினால், அடியில் துரு பரவி உராய்வுப் பொருள் முழுசாகக் கழன்றுவிடலாம். விளிம்பில் விரிசலோ இடைவெளியோ தெரிந்தால் மாட்டவே மாட்டாதீர்கள்.

விளிம்பில் அச்சான இரண்டு எழுத்துகளில் முதலாவது சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடான பின் உராய்வு. ‘எஃப்’ (F) என்றால் உராய்வுக் குணகம் 0.35–0.45, ‘இ’ (E) என்றால் 0.25–0.35; எண் கூடினால் பிடி கூடும். ‘எஃப்இ’ பேட் மலை இறக்கத்தில் சூடாகி, பிடி தளரலாம். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ‘எஃப்எஃப்’ கேளுங்கள். இந்த எழுத்துகள் தேய்மானத்தையோ ஒட்டின் பலத்தையோ சொல்லாது. போலிப் பெட்டியிலும் இதையெல்லாம் அச்சடிக்கலாம் என்பதால், கடை பில் அவசியம்.