பள்ளிப் பாரத்தில் இனக் கட்டத்தை எடுக்கச் சொன்னவர்களுக்கு

கிராணிமகன்:
நேற்று நம்ம சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: “பள்ளிப் பாரத்தில் இனம் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டால் இனவாதம் பாதி ஒழிந்துவிடும்.” அதற்கு ஒரே கைதட்டல். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். 2011இல் மலேசியாவில் இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள். 2000இல் அது 47. கல்வி மேம்பாட்டுப் பெருந்திட்டம் 2013–2025 என்ற அறிக்கையில் அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த கணக்கு இது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை அனுப்ப ஆளில்லை என்று சொன்னவன் வாயை அடைக்க, மேடைக்கு மேடை நாம் எடுத்துக் காட்டிய எண் இது. இந்த 56 எங்கிருந்து வந்தது? அந்தக் கட்டத்திலிருந்து வந்தது. கட்டத்தை எடுத்துவிட்டு நாளைக்கு எதைக் காட்டி வாதாடப் போகிறீர்கள்?

நாளைய_மலேசியன்:
எழுதியது நான்தான் அண்ணே. பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் 56 எந்தக் காலத்துக் கணக்கு? 2011இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. சரி, அந்தக் கட்டத்தால் நமக்கு நடந்ததையும் பேசுவோம். பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் மெட்ரிக்குலேஷனில் 90க்கு 10: நூற்றில் 90 இடம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10தான் மற்ற எல்லாருக்கும். 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000க்கு உயர்த்தினார்கள், அந்த 90க்கு 10 மட்டும் அசையவில்லை. நல்ல மார்க் எடுத்த நம்ம பிள்ளையை எதை வைத்துத் தள்ளினார்கள்? அதே கட்டத்தை வைத்து. 2024இல்தான் எஸ்.பி.எம். என்ற படிவம் ஐந்துத் தேர்வில் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று பிரதமர் அறிவித்தார். இனம் பார்க்காமல் என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இதைக் கவனித்தீர்களா?

கிராணிமகன்:
கவனித்தேன் தம்பி. 90க்கு 10 என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ எண்ணினான், அதனால் தெரியும். எண்ணாமலே தள்ளியிருந்தால் “திறமை இல்லை” என்று சொல்லி முடித்திருப்பார்கள், நாமும் தலையாட்டியிருப்போம்.

56 பழைய கணக்கு என்கிறீர்களே, அது என் குறையா? புதுக் கணக்கை வருஷா வருஷம் வெளியிடச் சொல்லித்தானே நான் கத்துகிறேன். எடுத்து வைத்துக்கொண்டு அலமாரியில் பூட்டுகிறார்கள். எஸ்.பி.எம். முடிவு வரும்போது பாருங்கள்: நகரம் எவ்வளவு, கிராமம் எவ்வளவு என்று சொல்வார்கள். இந்தியப் பிள்ளைகள் எவ்வளவு என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:
அந்தக் கட்டத்தை நிரப்புகிற ஆள் நான். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

மாணவர் விவரம் ஏற்றும் இணையத்தளம் முன்பு ஏபிடிஎம், இப்போது ஐடிமீ. பள்ளியில் லைன் இழுக்காது, அதனால் வீட்டுக்கு வந்து சமைத்து முடித்துவிட்டுத்தான் தட்டுவேன். என் வகுப்பில் ஒரு பையன். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி” என்று இருக்கிறது. தகவல் கிடைக்கவில்லையாம். அந்த அப்பா பள்ளி வாசலில் மோட்டாரில் உட்கார்ந்து பையனுக்காகக் காத்திருக்கிறார். கோயிலில் தாலி கட்டியிருக்கிறார்கள், பதியவில்லை. 1982 மார்ச்சிலிருந்து பதியாத கல்யாணம் சட்டத்தில் செல்லாது என்று எஸ்டேட்டில் எத்தனை பேருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அம்மா இந்தோனேசியர். சட்டப்படி பிள்ளை அம்மா பக்கம். குடியுரிமையும் இல்லை.

பையன் தமிழ்ப்பள்ளியில் தேவாரம் பாடுகிறான், திருக்குறள் ஒப்பிக்கிறான். தாளில் அவன் இந்தியன் இல்லை. சார், உங்கள் 56இல் இவன் இருக்கிறானா, இல்லையா?

கிராணிமகன்:
டீச்சர், மனம் கனக்கிறது. ஆனால் அது தேசியப் பதிவு இலாகா விஷயம், பள்ளிக் கட்டத்தின் விஷயம் இல்லை. அந்தப் பையனைப் போல எத்தனை பேர் என்று கேட்க வேண்டும் என்றாலும் எண்ணித்தான் ஆக வேண்டும். 56 பிழை என்று நீங்களும் சொல்லவில்லை.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:
பிழை என்று சொல்லவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தெலுங்குவீடு:
நானும் அந்த 56க்குள் புகுந்து பார்க்கிறேன். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டங்களில் பிழைக்க வந்தவர்கள் எங்கள் ஆட்கள். ஒரு காலத்தில் தோட்டங்களில் தெலுங்குப் பள்ளிகளும் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. எங்கள் பிள்ளைகளும் மலையாளிப் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போனார்கள். பாரத்தில் எல்லாரும் “இந்தியர்”. வெள்ளைக்காரன் 1891 குடிக்கணக்கிலேயே “தமிழரும் ஏனைய இந்திய நாட்டவரும்” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டான்.  அப்புறம் மேடையில் ஏறி 56ஐத் தமிழர் வெற்றி என்று சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

கிராணிமகன்:
ராவ்காரு, 2020 குடிக்கணக்கில் நாம் எல்லாரும் சேர்ந்தே 6.7 விழுக்காடு. பிரித்தால் யாருக்கு லாபம்? தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றியதில் உங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

தெலுங்குவீடு:
பங்கு உண்டு என்று சொல்வீர்கள். பள்ளி வாரியத்தில் நாற்காலி கேட்டால் மட்டும் “இது தமிழ்ப்பள்ளி” என்பீர்கள்.

ஹீவுட்காரன்:
நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. போன பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அதை இங்கே பேச வரவில்லை.

நான் கேட்பது கிராணிமகன் அவர்களை: உங்கள் பேத்தி எந்தப் பள்ளியில் படிக்கிறாள்? சீனப்பள்ளிதானே? ஊருக்கு 56, வீட்டுக்கு மட்டும் மண்டரின்.

கிராணிமகன்:
ஆமாம், சீனப்பள்ளி. ஊருக்கே தெரியும், நான் ஒளிக்கவில்லை. மருமகள் முடிவு. கேட்டதும் நல்லதாகப் போயிற்று, நான் சொல்ல வந்ததே அதுதான்.

நூற்றுக்கு 56 பேர் தமிழ்ப்பள்ளியில் என்றால் மீதி 44 பேர் எங்கே? தேசியப் பள்ளியிலும் சீனப்பள்ளியிலும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்க்க இனக் கட்டமே வேண்டாம், பள்ளியின் பெயரே போதும். ஆனால் தேசியப் பள்ளியில் ஒரு வகுப்பில் மூன்று பேராக உட்கார்ந்திருக்கும் நம்ம பிள்ளை, சீனப்பள்ளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் என் பேத்தி, இவர்களை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? ஆறாம் வகுப்பு முடிந்தால் அந்த 56 பேரும் இடைநிலைப்பள்ளியில் போய்க் கலந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்புத் தேர்வான யூ.பி.எஸ்.ஆரை 2021இல் எடுத்தார்கள், படிவம் மூன்றுத் தேர்வான பி.டி.3ஐ 2022இல் எடுத்தார்கள். அதோடு முதலாம் வகுப்பிலிருந்து எஸ்.பி.எம். வரை அரசாங்கப் பொதுத்தேர்வு இல்லாமல் போயிற்று. நடுவில் படிவம் இரண்டிலோ மூன்றிலோ ஒருவன் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போனால் யார் கணக்கில் வருவான்? எல்ஃபில் தோட்டத்துப் பக்கம் செம்பனை லாரி ஓட்டும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்று.

கட்டத்தை எடுத்தால் அவன் நின்றதே யாருக்கும் தெரியாது.

நாளைய_மலேசியன்:
கட்டம் இருக்கும்போதே அவன் நின்றுவிட்டானே அண்ணே. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று நீங்கள்தானே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வீர்கள். இப்போது 500 சொச்சம். அத்தனை வருஷமும் பாரத்தில் கட்டம் இருந்தது. எண்ணி எண்ணியே மூடினார்கள்.

இன்னொன்று. தாய்மொழி வகுப்பு வேண்டுமானால் தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் போதும் என்று சட்டம் இருக்கிறது. பெற்றோர் கேட்பதுதான் அங்கே செல்லும், இனம் இல்லை. ஏழை என்றால் வருமானத்தைக் கேள், தோட்டத்தில் இருக்கிறான் என்றால் முகவரியைக் கேள். இனத்தைக் கேட்டால் உதவி இனத்தோடு போய்விடும், பக்கத்து லயத்து ஏழை மலாய்க்காரப் பையனும் ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடிப் பிள்ளையும் வேறு வரிசையில் நிற்பார்கள். மக்களுக்கு இடையே சுவர் வைப்பது அந்தக் கட்டம்தான்.

கிராணிமகன்:
15 பெற்றோர் கேட்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளியில் 15 இந்தியப் பிள்ளைகள் இருப்பது முதலில் தெரிய வேண்டாமா? தலைமையாசிரியர் “ஆள் இல்லை” என்று சொன்னால் எதைக் காட்டுவீர்கள்? சுற்றிச் சுற்றி அந்தக் கட்டத்துக்கே வருகிறீர்கள்.

ஜொகூர்_பாலம்:
தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். அங்கே இந்தியப் பிள்ளைகள் பின்தங்குவதை எண்ணிக்கையில் பார்த்துத்தான் 1991இல் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். கல்வி அமைச்சு இனவாரியாகப் பத்தாண்டுத் தேர்ச்சிக் கணக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. எண்ணினார்கள், வெளியே சொன்னார்கள், டியூஷன் வைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்திலும் பள்ளிக் கணக்கெடுப்பில் இனம் கேட்கிறார்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் பெற்றோர் மறுக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

நாளைய_மலேசியன்:
சிங்கப்பூரை இங்கே இழுக்காதீர்கள். அங்கே 2011இலிருந்து இரண்டு இனமும் சேர்த்துப் பதியலாம். என் மனைவி சீனர். என் மகளுக்கு இங்கே அப்பா பக்கம் மட்டும்தான் எழுதினார்கள். அவள் அம்மாவைப் பாரத்தில் எங்கே வைப்பது?

ஹீவுட்காரன்:
ஓ, அதுதான் இந்தக் கோபமா? இப்போது புரிகிறது.

நாளைய_மலேசியன்:
என் வீட்டு விஷயத்தைத் தொடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாதவர்தான் ஆளைத் தொடுவார்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:
பெரியவர்கள் இப்படிப் பேசுவதைப் பிள்ளைகள் படித்தால் என்ன நினைக்கும்? என் கேள்வி அப்படியே கிடக்கிறது. பையன் 56இல் இருக்கிறானா?

கிராணிமகன்:
ஹீவுட் அண்ணே, அந்தத் தம்பி வீட்டை விடுங்கள். அது வேறு.

டீச்சர், 2011இல் அந்தப் பையன் பிறக்கவே இல்லை. அடுத்த கணக்கில் அவன் இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எத்தனை இந்தியப் பிள்ளைகள் உள்ளே போனார்கள், எத்தனை பேர் படிவம் ஐந்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு மெட்ரிக் கிடைத்தது என்று பள்ளி வாரியாக வெளியிடச் சொல்லி ஒரு மனு எழுதப் போகிறேன். 47 எப்படி 56 ஆனது, அந்த 56 இப்போது எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் போடலாம். போடாதவர்கள் 56ஐ இனி மேடையில் உச்சரிக்கக் கூடாது.

தெலுங்குவீடு:
மனுவில் “இந்தியர்” என்று எழுதுவீர்களா, “தமிழர்” என்று எழுதுவீர்களா? அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

நாளைய_மலேசியன்:
நான் போட மாட்டேன். கட்டத்தை எடுக்கச் சொல்லி நானும் ஒரு மனு தனியாக எழுதுகிறேன்.

ஹீவுட்காரன்:
போன தேர்தல் கணக்கை முதலில் வெளியிடட்டும், அப்புறம் அமைச்சின் கணக்கைக் கேட்கலாம்.

கிராணிமகன்:
தேர்தல் கணக்கு கோப்பில் இருக்கிறது, வந்து பாருங்கள். நான் கேட்பது 56.