பாலாற்று மணலில் தோண்டிய ஊற்று: ஓர் ஓவியக் காட்சியில் கண்டவை

பெங்களூர் அல்சூரிலிருந்து:

குமாரகிருபா சாலையிலுள்ள கர்நாடக சித்திரகலா பரிஷத்தில் சென்ற மாதம் ஒரு நீர்வண்ண ஓவியக் காட்சியைப் பார்த்தேன். ஓவியர் அறுபது வயதைக் கடந்த அம்மையார். ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரையில் பிறந்து, திருமணமாகிப் பெங்களூருக்கு வந்தவர். பனைமரங்கள், நாணல் புதர், மாலை வெயிலில் மாடு ஓட்டிவரும் சிறுவன் என்று பல படங்கள் இருந்தன. அவை அழகானவைதாம், ஆனால் அவற்றை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. என்னை நிறுத்தியது ஊற்றைப் பற்றிய மூன்று படங்கள்.

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மேலே வறண்டு, மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. அதன் கரையில் வளர்ந்த நாங்கள் கோடையில் குடத்தோடு போய் மணலைக் கையால் தோண்டுவோம். முழங்கை ஆழம் போனதும் மணல் கருத்து ஈரமாகும். அதற்குக் கீழே நீர் கசியத் தொடங்கும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே இறைத்துவிட்டு, கையை உள்ளே விடாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மொண்டால் கரை சரிந்து மறுபடியும் கலங்கிவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பாட்டி.

அம்மையாரின் முதல் படத்தில் குழி முழுவதும் கலங்கல். இரண்டாவதில் விளிம்பு தெளிந்து நடுவில் மட்டும் மங்கல். மூன்றாவதில் அடியிலுள்ள மணல் பரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. மூன்றிலும் ஊற்றுத் தோண்டும் குழந்தையின் முகம் இல்லை. குழியின் விளிம்பில் இரண்டு முழங்கால்களும், கவிழ்த்து வைத்த ஒரு கொட்டாங்குச்சியும் மட்டுமே உள்ளன. குனிந்திருக்கும் குழந்தை தன் முகத்தைப் பார்ப்பதில்லையே என்று அவர் சொன்னபோதுதான், ஊற்றடியில் நானும் என் முழங்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

அந்தத் தெளிவை எப்படிக் கொண்டுவந்தீர்கள் அம்மா என்று கேட்டேன். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் ஒரு சாம்பல் நிறம் கிடைக்கும். அதை நிறைய நீரில் கரைத்துச் சொரசொரப்பான பருத்தித் தாளில் பரப்பினால், நீலத்தின் நுண்துகள்கள் தாளின் பள்ளங்களில் தாமாகவே இறங்கிப் படியும். அந்த நேரத்தில் தூரிகையால் தொட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று விளக்கினார். ஊற்றைப் போலத்தான், காத்திருக்க வேண்டும் என்றார். நீரின் மினுக்கத்துக்கு அவர் வெள்ளை வண்ணம் எதையும் பயன்படுத்தவில்லை. வண்ணம் படாமல் விட்டுவைத்த தாளே அங்கு ஒளிர்ந்தது. இளமை நினைவு என்ற பெயரில் கிராமத்தை வெறும் காட்சியாகத் தீட்டுபவர்கள் பலர். இவர் ஒரு வேலையை, அதைச் செய்த கைகள் அறிந்த வகையில் தீட்டியிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

சகோதரி எழுதியதைப் படித்ததும் வெங்கடப்பாவின் உதகை, கொடைக்கானல் நீர்வண்ணங்களைக் கண்ட நாள் நினைவுக்கு வந்தது. மைசூர் அரண்மனையின் பரம்பரை ஓவியர் குடும்பத்தில் 1886இல் பிறந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர் அவர். கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பு அவற்றைப் பார்த்தேன். கொடைக்கானலில் வளர்ந்த எனக்கு, பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும்போது தொலைவு மரங்கள் முதலிலும் வேலிக்கம்பிகள் கடைசியிலும் மறையும் ஒழுங்கு நன்றாகத் தெரியும். அந்த ஒழுங்கு அவர் படத்தில் மாறாமல் இருந்தது.

கே.ஆர்.புரத்திலிருந்து:

நானும் அதே காட்சிக்குச் சென்றிருந்தேன். என் ஊர் வாணியம்பாடி. வயதில் நான் இளையவன் என்பதால் என் பாலாறு வேறு. பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியபோது நான் பள்ளி மாணவன். ஊற்றுத் தோண்டிக் குடித்த அனுபவம் எனக்கு இல்லை, தோண்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். பாலாறு பிறக்கும் நந்தி மலையை இந்த நகரத்திலிருந்து ஒரு காலைப் பொழுதில் எட்டிவிடலாம். அங்கே நின்றபோதெல்லாம் எனக்கு மனம் கனத்திருக்கிறது.

அந்த மூன்று படங்களுக்கு அடுத்து, பென்சில் கோடுகளோடு நின்றுபோன நான்காவது படம் ஒன்று மூலையில் இருந்ததைச் சகோதரி கவனித்தாரா என்று தெரியவில்லை. அதே குழி, வண்ணம் மட்டும் இல்லை. நான் ஊரைச் சொன்னதும் அம்மையார் என்னை அந்தப் படத்தின் முன் அழைத்துச் சென்று, தாம் ஊரைவிட்டு வந்தபின் நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிரக் கண்டதில்லை என்றும், அந்த நீரின் நிறம் எப்படி இருந்தது என்றும் கேட்டார். நடுவில் செம்பழுப்பு, கரையோரம் வெண்மையான நுரை, காய்ந்த பிறகு மணல்மேல் உப்புப் பூத்தாற்போன்ற ஒரு படிவு என்று சொன்னேன். அவர் கைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு, நுரை எவ்வளவு அகலம் இருந்தது என்று மறுபடியும் கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.