காக்டீல் கிளியோடு வீட்டில் என்னென்ன விளையாடலாம்?

கேள்வி – கொழிஞ்சாம்பாறையிலிருந்து

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் சாம்பல் நிற ஆண் காக்டீல் ஒன்று வளர்கிறது. நன்றாகக் கைக்குப் பழகியது. தோளில் ஏறி உட்காரும். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் சீழ்க்கை அடித்தால் திருப்பி அடிக்கும். பகலில் எல்லோரும் வெளியே போய்விடுகிறோம். மாலையில் நாங்கள் வந்த பிறகும், விளக்கு வைக்கும் நேரம் வரை அது ஓயாமல் கத்துவதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. கடையில் வாங்கிய ஊஞ்சலையும் மணியையும் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண்ணாடி ஒன்றைக் கூண்டில் மாட்டலாமா என்று யோசிக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, பனைமரப் பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை விளையாட்டுத் துணைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மகளே கூட இருந்து விளையாடக்கூடிய எளிய விளையாட்டுகள் ஏதேனும் இருந்தால், அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி – செங்கோட்டையிலிருந்து

வணக்கம் அம்மா. அந்த மாலைக் கத்தலிலிருந்தே தொடங்குகிறேன். காக்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலப்பகுதிகளில் கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்தில் ஒன்று கண்ணுக்கு மறைந்தால் மற்றது குரல் கொடுக்கும். பதில் வரும்வரை விடாது. நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது அதற்குத் தெரியும். ஆனால் அடுக்களையிலிருந்து பதில் எதுவும் வராததால்தான் தவித்துப்போகிறது. ஆகவே முதல் விளையாட்டு பதில் சீழ்க்கையாகவே இருக்கட்டும். இரண்டு மூன்று சுரங்கள் கொண்ட ஒரு சிறு சீழ்க்கையை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பழகிக்கொண்டு, அது கத்தத் தொடங்குவதற்கு முன்பே அடுத்த அறையிலிருந்து அடியுங்கள். அதே சீழ்க்கையை அது திருப்பித் தந்த கணமே முகம் காட்டுங்கள். கத்தும்போது ஓடி வந்தால், கத்தினால்தான் ஆள் வரும் என்று அது தெரிந்துகொள்ளும்.

அடுத்தது குச்சியைத் தொடும் விளையாட்டு. உங்கள் மகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஐஸ் குச்சி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, கிளியின் அலகுக்குச் சற்றுத் தள்ளி நீட்டிப் பிடித்தால், என்னவென்று பார்க்க அதுவே நுனியைத் தொடும். தொட்ட அந்த நொடியில் ‘சரி’ என்று ஒரே சொல்லைச் சொல்லி, தினைக்கதிரிலிருந்து ஒரு கொத்து கடிக்கக் கொடுக்க வேண்டும். சொல் தாமதித்தால் எதற்குத் தினை கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. தொடுவது பழகிய பிறகு குச்சியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நடந்து வரும், உயர்த்தினால் ஏணியில் ஏறும், சுற்றிக் காட்டினால் ஒரு வட்டமடிக்கும். முரண்டு பிடிக்காமல் கூண்டுக்குள் போகவும் இதே குச்சி உதவும் என்பதால், வேறு எதையும் சொல்லித்தராவிட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்றைக் கிளிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை. மேசைமேல் தண்ணீர் பாட்டில் மூடிகள் சிலவற்றைப் பரப்பி வையுங்கள். ஒரு மூடியின் விளிம்பை அலகால் கவ்வித் தூக்கி, மேசை ஓரம் வரை நடந்து சென்று, கீழே போட்டுவிட்டு, தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணால் அது விழுமிடத்தைப் பார்க்கும். பிறகு நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். நீங்கள் எடுத்து வைக்க வேண்டும் என்பது அதன் ஆணை! கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தால் ஓசை கேட்டு உற்சாகம் கூடும். தானாகச் செய்வதிலேயே நாம் சேர்ந்துகொள்வதால், எந்தக் கூச்சமுமின்றி விளையாடும். சில நாள் கழித்து மேசை ஓரத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, மூடி அதற்குள் விழும்போது மட்டும் தினை கொடுத்தால், கிண்ணத்தில் போடவும் தேறிவிடும்.

எந்த விளையாட்டும் ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் 2007 வரை பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நிறங்களையும் வடிவங்களையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தது. அதுவே சலித்துப்போனால் கூண்டுக்குத் திரும்ப வேண்டுமென்று சொல்லிவிடும். நம் காக்டீலுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, கொண்டைதான் பேசும். பாதி உயர்ந்து தளர்வாக இருந்தால் தொடரலாம். தலையோடு ஒட்டப் படிந்து, சீறவும் செய்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி – கம்பத்திலிருந்து

பச்சைக்கிளிக் குஞ்சைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நம் நாட்டுக் கிளிகள் யாவும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். தாய்க்கிளி அருகில் சுற்றினால் குஞ்சைப் பொந்திலேயே வைத்துவிடலாம். இயலாவிட்டால் வனத்துறையினரிடம் ஒப்படைக்கலாம். காக்டீல் வெளிநாட்டுப் பறவை என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

கண்ணாடியும் வேண்டாம். தன் உருவத்தையே இணையென்று நம்பி, ஆண் பறவை நாள் முழுவதும் அதன் முன்னால் பாடிக்கொண்டும் இரையைக் கக்கிக்கொண்டும் கிடக்கும், உங்களிடம் வராது.

நீங்கள் இல்லாத பகல் நேரத்துக்கு, இரை தேடும் விளையாட்டைப் போலப் பயன்படுவது வேறில்லை. காட்டில் பொழுதில் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கும் பறவைக்கு, நாம் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. அச்சு மையில்லாத தாளில் கொஞ்சம் தானியத்தை முறுக்கிக் கம்பிகளுக்கிடையே செருகுங்கள். இளம் மக்காச்சோளத்தைத் தோலோடு தொங்கவிடுங்கள். முருங்கைக்கீரைக் கொத்தைக் கழுவி ஈரத்தோடு கட்டுங்கள். உங்கள் பக்கம் பனை நிறைய உண்டு. குருத்தோலையைக் கீற்றாகக் கிழித்துப் பின்னிக் கொடுத்தால் ஒவ்வொன்றாகக் கிழித்துத் தள்ளும். பிரிந்த நூலும் கயிறும் மட்டும் கால்விரலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. அதைப் பரிசாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது. பட்டர்ஃப்ரூட்டும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு.

வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர் – கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குஞ்சு இப்போது வனத்துறையினரிடம் இருக்கிறது. எங்கள் காக்டீல் மூடி விளையாட்டை முதல் நாளே ஏற்றுக்கொண்டது. மாலைச் சீழ்க்கைக்கும் பதில் தருகிறது. ஒன்றுதான் புரியவில்லை. மகள் விளையாடக் கொடுத்த அட்டைப்பெட்டிக்குள் நுழைந்துகொண்டு, கை நீட்டினால் கொத்த வருகிறது. வெளியே வந்தால் பழையபடி சாதுவாகத்தான் இருக்கிறது.

மறுமொழி – செங்கோட்டையிலிருந்து

அந்தப் பெட்டியைக் கூடாக எடுத்துக்கொண்டுவிட்டது அம்மா. காக்டீலில் ஆணும் அடைகாக்கும். இருட்டான, ஒதுக்குப்புறமான இடம் கிடைத்தால் அதைக் காவல்காப்பது இயல்பு. அது கூண்டில் இருக்கும் நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துவிடுங்கள். அதன் கண்ணெதிரே பிடுங்க வேண்டாம். சோபாவின் அடி, அலமாரியின் இடுக்கு போன்ற இடங்களையும் அடைத்துவிட்டு, இரவில் 10 முதல் 12 மணிநேரம் இருட்டில் தூங்கவிட்டால் இந்த வேகம் தணியும். அட்டையைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெட்டியாக மடிக்காமல் தட்டையாக வெட்டிக் கொடுங்கள். கிழிக்கும் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.