இழைப்புளியில் இடது மூலையில் மட்டும் சீவல் அடைக்கிறது

பழைய 4-ஆம் எண் இரும்பு இழைப்புளி, 2 அங்குல பிளேடு, 45 டிகிரி படுகை (பிளேடு படுத்திருக்கும் சாய்வு). துரு நீக்கி மூன்று வாரம் ஆகிறது. நாலைந்து இழுப்பு நன்றாகப் போகும். பிறகு இடது மூலையில் சிப் பிரேக்கருக்கும் (பிளேடின்மேல் திருகி வைக்கும், சீவலை வளைத்து உடைக்கும் தகடு) பிளேடுக்கும் நடுவே சீவல் நுழைந்து, விசிறி மடிப்பாகச் சுருங்கி வாயை (அடியில் பிளேடு எட்டிப்பார்க்கும் பிளவு) அடைத்துவிடும். பைனில் தொல்லையில்லை, தேக்கில்தான்.

செய்து பார்த்தவை: பிளேடை 30 டிகிரியில் தீட்டி, பின்பக்கத்தைக் கல்லில் சமப்படுத்தினேன். அடிப்பாகத்தை கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தாயிற்று. பிரேக்கர் முனையை, உள்பக்கம் சற்றுக் குழிவாக இருக்கும்படி, கல்லின் ஓரத்தில் சாய்த்துத் தேய்த்தேன். விளிம்பிலிருந்து 1 மி.மீ., பிறகு அரை மி.மீ. தள்ளி வைத்தும் அதே கதை. ஃபிராக்கை (பிளேடைத் தாங்கும் சாய்வான இரும்புத் துண்டு) பின்னுக்குத் தள்ளி வாயை அகலப்படுத்தியும் மாறவில்லை.

பிளேடையும் பிரேக்கரையும் வெளியே எடுத்து, இரண்டையும் இணைக்கும் திருகை இறுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளியே இல்லை. லீவர் கேப்பை (இரண்டையும் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி) பூட்டினால் மட்டும் இடது மூலையில் மயிரிழை வெளிச்சம். கேப்பின் முனை வலப்பக்கம் அதிகமாக அழுத்துகிறதோ என்று சந்தேகம். ஃபிராக்கின் முகம் முறுக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்; அதை அரம் போட்டுக் கெடுத்தால் மீட்க முடியாது.

இரண்டில் எது கோளாறு என்று, அரத்தைத் தொடாமல் கண்டுபிடிப்பது எப்படி?