ஒன்றாம் வகுப்பு மகளுக்காகப் பள்ளியில் என்ன கேட்பது?

திருவையாறு பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 6 வயது, அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நாளிதழைத் தானாகவே வாசிக்கிறாள். மேட்டூரில் இன்று எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று பார்த்து, நேற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று மனக்கணக்காகச் சொல்வாள். பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும், இரண்டு மாதமாக, வயிற்றுவலி என்று அழுகை. மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை.

அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதல் நிலையான அரும்புப் பயிற்சிநூலை எப்போதோ முடித்துவிட்டாள். அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், பாவம். அடுத்த நிலையான மொட்டு நூலைத் தரச்சொல்லி டீச்சரிடம் இரண்டு முறை கேட்டேன். மற்ற பிள்ளைகளையும் பார்க்கணுமே என்கிறார், அதுவும் நியாயம்தான். தலைமையாசிரியர், “போகப் போகச் சரியாகிடும்மா” என்று அனுப்பிவிட்டார். வகுப்பு மாற்ற எனக்கு விருப்பமில்லை, அவள் தோழிகள் அங்கேதான்.

அதே வகுப்பில் இருந்தபடியே அவளுக்கு ஏற்ற வேலை கிடைக்க, பள்ளியில் எதை, எப்படிக் கேட்க வேண்டும்?