கைபேசியில் கவனம் சிதறிச் சாலையைக் கடப்பவர்களின் ஆபத்தை எப்படி அளப்பது?

கேள்வி

வணக்கம். கைபேசித் திரையைப் பார்த்தபடியோ ஹெட்போன் அணிந்தபடியோ சாலையைக் கடப்பவர்களுக்கு ஆபத்து எவ்வளவு கூடுகிறது என்பதை முதுகலை ஆய்வாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அடிபட்டவர் அந்த நேரத்தில் கைபேசியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாரா என்ற விவரம் காவல்துறையின் விபத்துப் பதிவுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படியிருக்க, சந்திப்புகளில் நின்று நேரில் கவனிப்பது நல்லதா, மெய்நிகர்ச் சாலையில் சோதிப்பது நல்லதா?

மறுமொழி 1

நேரடிக் கவனிப்பிலிருந்து தொடங்குங்கள். சியாட்டில் நகரின் 20 சந்திப்புகளில் 1,102 பேரைக் கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கடக்கும்போது வேறெதிலோ கவனம் செலுத்தியிருந்தனர். குறுஞ்செய்தி தட்டியவர்கள் கடந்து முடிக்க ஏறத்தாழ 2 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டதோடு, சிக்னலை மீறுவது, இருபுறமும் பார்க்காமல் இறங்குவது போன்ற ஆபத்தான செயல்களில் ஒன்றையாவது செய்யும் வாய்ப்பும் அவர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஒரே நபரை இருவர் தனித்தனியாகக் குறித்து, இரு குறிப்புகளும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுங்கள். தனியாக நடப்பவரையும் கூட்டமாக நடப்பவரையும் பிரித்துக் குறிப்பதும் அவசியம். பேசிக்கொண்டே வரும் துணையும் கவனத்தைச் சிதறடிக்கும்.

மறுமொழி 2

நேரில் கவனிக்கும்போது, யார் கைபேசியை எடுப்பது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்க முடியாது. அவசரக்காரர்களே அதிகம் எடுக்கிறார்கள் என்றால், நீங்கள் அளப்பது கைபேசியின் விளைவையா, அவசரத்தின் விளைவையா? மெய்நிகர்ச் சாலையில் பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கலாம் என்பதால் இந்தச் சிக்கல் எழாது. அலபாமாவில் கல்லூரி மாணவர்களிடம் அவ்வாறு நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், பாட்டுக் கேட்டவர்களும் குறுஞ்செய்தி தட்டியவர்களும் மெய்நிகர் வாகனத்தில் அடிபட்டது கூடுதலாக இருந்தது. ஆகவே, கண் சாலையில் இருந்தால் போதும் என்று கருதிவிட வேண்டாம். 2010-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றைச் சக்கர வண்டியோட்டிய கோமாளியை, கைபேசியில் பேசியபடி நடந்தவர்களில் நான்கில் ஒருவரே கவனித்திருந்தார்.

மறுமொழி 3

இரண்டு முறைகளும் நடத்தையை அளக்கின்றனவே தவிர, விபத்தை அளக்கவில்லை. வாகன ஓட்டிகளைப் பற்றி டொராண்டோவில் செய்யப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு, விபத்துக்குச் சற்று முன் ஒருவர் கைபேசியில் பேசினாரா என்பதை, அதே நபர் முந்தைய நாளின் அதே நேரத்தில் பேசியதோடு ஒப்பிட்டு, விபத்து ஆபத்து ஏறத்தாழ 4 மடங்கு என்று கணித்தது. ஒருவரை அவரோடே ஒப்பிடுவதால் வயதும் இயல்பும் குழப்புவதில்லை. பாதசாரிகளுக்கும் இதைச் செய்யலாம். ஆனால் அவர் அந்த முந்தைய நாளிலும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தாரா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும், காயமுற்றவரின் ஒப்புதலும் வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாகனங்களின் வேகம், பச்சை விளக்கு எரியும் நேரம், சாலையின் அகலம் ஆகியவற்றையும் ஒவ்வொரு சந்திப்பிலும் பதிவுசெய்யுங்கள். அவை இல்லாத ஆய்வு, நடப்பவரை மட்டுமே குற்றவாளியாக்கும் முடிவுக்கு எளிதில் இட்டுச்செல்லும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சந்திப்புக் கவனிப்பில் தொடங்கி, வேகத்தையும் விளக்கு நேரத்தையும் சேர்த்தே குறிக்கிறேன். முகம் தெரியாத கோணத்தில் காணொளி எடுத்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படுமா?

மறுமொழி 3

தேவை என்று கொண்டே விண்ணப்பியுங்கள். குறிப்பெடுத்து முடித்தபின் காணொளியை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.