வேலிக்குள் கொயோட்டி: பக்கத்து வீட்டுக்காரர் சுடட்டுமா என்கிறார்

கேள்வி: கண்ணன், டாலஸுக்கு வடக்கே

எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஓடை. இரண்டு வாரமாக விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு கொயோட்டி (நரி மாதிரி இருக்கும் இந்த ஊர்க் காட்டுப் பிராணி) அந்தப் பக்கம் நடக்கிறது. போன வியாழக்கிழமை வேலிக்கு உள்ளேயே நின்றது. ஆறடி மரவேலி! வீட்டில் நான்கு கிலோ ஷிட்ஸு நாய்க்குட்டி போலச் சின்ன நாய் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரோ, "நரி முகத்துல முழிச்சா யோகம் மாப்பிள்ளை" என்று காபியோடு ஜன்னலில் காத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருக்கிறார், ஒரே குண்டில் முடித்துவிடுவாராம். சட்டப்படி சரியா? இல்லை, கூண்டு வைத்துப் பிடித்துத் தூரமாக விட்டுவிடலாமா?

பதில்: பழைய டெக்சாஸ்காரன்

தம்பி, இரண்டும் வேண்டாம். கொயோட்டி வேட்டைக்கு இங்கே டெக்சாஸில் பருவத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் குடியிருப்புக்குள் சுட அநேகமாக எந்த நகரமும் விடாது. தோட்டா அடுத்தவர் எல்லையைத் தாண்டினால் அது தனிக் குற்றம். கூண்டு வைத்தாலும், வெறிநோய்க் கட்டுப்பாட்டால் 1995 முதல் உயிரோடு கொண்டுபோகத் தடை.

நான் ஜீவகாருண்யம் பேசவில்லை. நண்பரின் பண்ணையில் பன்னிரண்டு வருடமாகக் கொயோட்டி வேட்டைக்குப் போகிறவன். முயல் சாகும்போது வீறிடும் சத்தத்தை ஒலிபெருக்கிப் பெட்டியில் ஓடவிட்டு, காற்று முகத்தில் படும்படி இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்போம். அது நேராக வராது. ஒரு சுற்று வளைந்து, நம் வாடை காற்றில் கிடைக்கிற பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். பாதி நாள் வெறுங்கைதான். அப்படிப்பட்ட பிராணி உங்கள் புல்தரையில் நிற்கிறதென்றால், அங்கே ஏதோ தின்னக் கிடைக்கிறது. இதைச் சுட்டால் அதே சாப்பாட்டுக்கு அடுத்தது வரும். வெளியே என்ன வைக்கிறீர்கள்? நாய்க் கிண்ணம், பறவைத் தீனி, கீழே விழுந்த பேரிக்காய்?

கண்ணில் பட்டால் ஓடாதீர்கள். கையை உயர்த்திக் கத்துங்கள், தட்டைத் தட்டுங்கள், குழாய்த் தண்ணீரை அடியுங்கள். அது கண்ணை விட்டு மறையும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அதற்கு உங்களைக் கண்டால் வரும் பயம் விட்டுப்போகும். ஏப்ரல், மே குட்டி போடும் காலம். அப்போது நாயோடு நடப்பவர்களின் பின்னாலேயே வரும். குட்டிகள் இருக்கும் வளையிலிருந்து உங்களைத் தள்ளிக்கொண்டு போய் விடுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மட்டும் விரட்டாமல், நாயைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள்.

பதில்: ஆட்டுக்காரம்மா

அண்ணன் சொல்வது குடியிருப்புக்குச் சரி. எங்களைப் போல ஊருக்கு வெளியே ஆடு வைத்திருப்பவர்களுக்குத் துப்பாக்கியும் தேவைதான். போன வருடம் மூன்று குட்டிகளை இழந்தேன். அப்புறம் இரண்டு கிரேட் பிரனீஸ் காவல் நாய்களை மந்தையோடேயே விட்டேன், அதன்பின் ஒன்றும் போகவில்லை. உங்கள் ஷிட்ஸுவை இருட்டில் தனியாக விடாதீர்கள். நாய் இழுக்க இழுக்க நீளும் கயிறும் வேண்டாம், ஆறடிக் கயிறு போதும்.

கேள்வி கேட்டவர்: கண்ணன்

தேடிப் பார்த்தோம். மாமனார் தினமும் விடியுமுன் குளித்துவிட்டு, வேலி மூலையில் காக்கைக்குச் சோறு வைக்கிறார். இலையில் நெய்யும் பருப்பும் வேறு! இங்கே காக்கை எழுவதற்குள் இலை காலி. "காக்கா சாப்பிட்டுடுச்சுன்னு இருந்தேன்" என்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வடைக் கதைலேயே நரிதானே ஜெயிச்சுது" என்றார். இனி நன்றாக விடிந்தபின், காக்கை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேலி உச்சியில் சுழலும் குழாய் மாட்டினால் ஏறும் கொயோட்டி காலூன்ற முடியாமல் வழுக்கி விழுமாமே. மரவேலியில் யாராவது மாட்டியிருக்கிறீர்களா? பலகை தாங்குமா?